ஐந்தாவது தட்டு

காலை ஒன்பது மணி, இன்னும் விடியவில்லை.
மகெல்லன் நீரிணை ஜூன் மாதக் காற்றைக்
கதவிடுக்கில் திணித்துக்கொண்டிருக்கிறது.
நான்கு குழியுள்ள கறுப்புப் பெட்டி
மேசை நடுவே வாய் திறந்து கிடக்கிறது.
குழிக்கு ஒரு தட்டு, தட்டுக்கு எட்டு டெராபைட்.

கையெழுத்துப் போட வேண்டியவள் நான்.
கணக்கு எழுதுகிறவள்.
திமிங்கிலத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம்
அதைத் தேடிப் போகும் படகின் டீசல் செலவு.

நயாதெத் உட்காரவே இல்லை.
நாலையும் ஒன்றாய்க் கோத்துவிடுங்கள் என்கிறாள்,
ஒரு கோப்பை நாலு துண்டாக்கி
நாலு கையும் ஒரே நேரத்தில் எழுதட்டும்.
ஓர் இரவின் ஒலியை வரைபடமாக்க
இப்போது இரண்டு பகல் காத்திருக்கிறேன்,
முடி நரைக்கிறது.
முப்பத்திரண்டும் முழுசாய்க் கிடைக்கும்.

ஒன்று செத்தால்?

நாலும் சாகும், என்றார் பாரியெந்தோஸ்,
மாத்தே குடுவையில் வெந்நீர் ஊற்றியபடி, தலை நிமிராமல்.
இழுவைப் படகுகளின் ரேடாரைப் பழுது பார்த்தவர்.
எதிலும் இரண்டு கேட்பார்.
ஒன்றில் எழுதுவதை மற்றொன்றிலும் எழுதிவிடு,
தூங்கப் போ.

பதினாறுக்கு முப்பத்திரண்டின் விலையா?
என் பேனா தானாக மூடிக்கொண்டது.

நடுவழி ஒன்று உண்டு என்றார்.
மூன்றில் உள்ள பிட்டுகளை எண்ணி
ஒற்றையா இரட்டையா என்று
முறை வைத்து நாலாவதில் குறித்துக்கொள்வது.
ஒருவன் காணாமல் போனால்
மிச்சப் பேரை விசாரித்தே
அவன் என்ன சொல்லியிருப்பான் என்று கண்டுபிடித்துவிடலாம்.
எனக்குப் பிடித்திருந்தது. தணிக்கை மாதிரி.
இருபத்துநான்கு கைக்கு வரும்.

ஆனால் விசாரணைக்கு ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும்.
மூன்றும் மூச்சு வாங்க ஓடும்.
அப்போது இன்னொன்று விழுந்தால்?
நாலும் ஒரே கடையில் வாங்கியவை,
ஒரே வாரத்தில் பிறந்தவை.
ஒரே வயதுக்காரர்கள் ஒரே குளிர்காலத்தில் போவதைப்
புந்தா அரேனாஸில் பார்க்காதவர் யார்?

கொஞ்ச நேரம் காற்று மட்டும் பேசியது.
பிறகு நயாதெத் உட்கார்ந்தாள்.

பழைய பெட்டியிலும் இரட்டைத்தான் இருந்தது, என்றாள்.
போன ஏப்ரலில், சோதனைக் கோப்புறை என்று நினைத்து
பிப்ரவரியை அழித்தேன்.
இந்த விரல்.
அழித்த நொடியிலேயே அதன் ஜோடியும் அழித்தது,
அவ்வளவு விசுவாசம்.
தட்டு எதுவும் சாகவில்லை.
பச்சை விளக்கு கடைசிவரை எரிந்துகொண்டே இருந்தது.
பதினோரு நிமிடம்.
ஒரு தாயும் கன்றும்.

என் பேரேட்டில் அந்தப் பயணம் இருக்கிறது:
டீசல், இருநூற்றுப் பன்னிரண்டு லிட்டர்.
வரவு என்ன என்று நான் கேட்டதே இல்லை.

அப்போதுதான் கேட்டேன்.
எதை மறுபடி செய்யலாம்? எதை முடியாது?

வரைபடத்தை ஆயிரம் முறை வரையலாம்.
கடல் இன்னொரு முறை சொல்லாது.

ஆக, இரண்டு தட்டு ஜோடியாக, ஒலிக்கு.
இரண்டு கோத்து, வேகமாக, வரைபடத்துக்கு;
செத்தால் சாகட்டும்.
இருவருக்கும் பாதி மனம்தான்.
எந்த ஒப்பந்தமும் அப்படித்தான் கையெழுத்தாகிறது.

கையெழுத்துக்கு முன் ரசீதில் ஒரு வரி சேர்த்தேன்:
ஐந்தாவது தட்டு. பெட்டிக்கு வெளியே. கட்டடத்துக்கே வெளியே.
பாரியெந்தோஸ் அன்று முதல்முறையாக
நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமைகளில் ஒலியை அதில் இறக்கிக்
கம்பளிக் காலுறைக்குள் சுற்றி
மேட்டுக்குப் போகும் பேருந்தில் மடியில் வைத்துக்கொள்கிறேன்.
வீட்டில் அது இருப்பது
மாவு டப்பாவுக்குப் பின்னால்.
என் மகன் ஒருமுறை காதில் வைத்துப் பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்கவில்லை என்றான்.

இதுவரை இரண்டு வெள்ளி மறந்துவிட்டேன்.
அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்,
கணக்கு கணக்காக இருக்கட்டும்.